பாறைத் தடத்தில் அதிரும் சைக்கிள்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: முன்னும் பின்னும் சஸ்பென்ஷன் உள்ள மலைத்தட சைக்கிள் ஒன்றை ஆறு மாதங்களுக்கு முன் வாங்கினேன். முன் ஃபோர்க் 150 மி.மீ. அமுங்கக்கூடியது, பின்சக்கரம் 140 மி.மீ. மேலெழக்கூடியது, பின் ஷாக்கின் ஸ்ட்ரோக், அதாவது அது அமுங்கக்கூடிய தூரம், 55 மி.மீ. என் எடை 78 கிலோ. வார இறுதிகளில் ஃபீனிக்ஸ் நகரின் சவுத் மவுண்டன் பூங்காவில், நேஷனல் டிரெயிலில் ஓட்டுகிறேன். கல் இறக்கத்தில் ஐந்து நிமிடத்துக்குள் கை மரத்துப்போகிறது. காற்றைக் குறைத்தால் மெத்தென்று இருக்கும் என்று உடன் வருபவர்கள் சொன்னதால் ஃபோர்க்கிலும் ஷாக்கிலும் குறைத்தேன். அதிர்வு குறையவில்லை, பெடல் கல்லில் மோதத் தொடங்கியதுதான் மிச்சம். இப்போது நான் ஏறி நின்றால் ஷாக்கின் ரப்பர் வளையம் 21 மி.மீ. நகர்கிறது. டியூப்லெஸ் டயரின் அகலம் 2.4 அங்குலம், இரண்டிலும் 30 பி.எஸ்.ஐ. வைத்திருக்கிறேன். திருகுகள் எதையும் தொட்டதில்லை. ஃபோர்க்கின் அடியிலுள்ள சிவப்புத் திருகு ஆமைப் படத்தின் பக்கம் கடைசி வரை திரும்பியிருக்கிறது. எங்கே தவறு?
— வாசகர், சாண்ட்லர், அரிசோனா

பதில்: 21 மி.மீ., 30 பி.எஸ்.ஐ. என்ற இரண்டு எண்களையும் ஓர் ஆமையையும் எழுதியிருக்கிறீர்கள், உங்கள் தொல்லை முழுவதும் அந்த மூன்றில்தான் இருக்கிறது. காற்றைக் குறைத்தது தவறான இடத்தில் செய்த வைத்தியம். குறைத்திருக்க வேண்டியது டயரில். நீங்கள் குறைத்ததோ ஷாக்கில்.

முதலில் அந்த 21 மி.மீ. கணக்கைப் பார்ப்போம். ஓட்டுபவர் ஏறி நின்றதும், எந்த மேடு பள்ளமும் இல்லாமலே, அவருடைய எடைக்கு ஷாக் அமுங்கி நிற்கும் அளவை ஸேக் என்பார்கள். 55 மி.மீ. ஸ்ட்ரோக்கில் 21 மி.மீ. என்பது 38 சதவீதம். இத்தகைய சைக்கிளுக்குப் பின்னால் 27 முதல் 30 சதவீதம் வரை இருந்தால் போதும். அதாவது வளையம் 15 அல்லது 16 மி.மீ.யில் நிற்க வேண்டும். மிகுதியாக அமுங்கும் இந்த 5 மி.மீ. அற்பமாகத் தோன்றலாம். ஆனால் ஷாக் 55 மி.மீ. அமுங்கும்போது பின்சக்கரம் 140 மி.மீ. மேலெழுகிறது என்பதால், அந்த ஐந்து, சக்கரத்தில் ஏறத்தாழ 13 மி.மீ. ஆகிறது, பெடல்கள் சுழலும் கிராங்க் அச்சு சுமார் 8 மி.மீ. தாழ்ந்துவிடுகிறது. ஃபோர்க்கிலும் காற்றைக் குறைத்திருப்பதால் முன்பக்கத்தின் பங்கும் இதோடு சேரும். பெடல் மோதுவதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

மெத்தென்று இருக்க வேண்டியது ஏன் கடினமாக இருக்கிறது என்பதே அடுத்த கேள்வி. காற்று ஷாக்கின் தன்மை, அமுங்க அமுங்க இறுகிக்கொண்டே போவது. 38 சதவீதத்தில் தொடங்கும் ஷாக் அந்த இறுகும் பகுதிக்கு மிக அருகிலிருந்தே தொடங்குகிறது; கல்லை வாங்கிக்கொள்ள மிச்சமிருக்கும் இடமும் குறைவு. ஆகவே சிறிய கல்லுக்கு இளகுவதுபோல் காட்டிவிட்டு, படிக்கட்டு போன்ற பெரிய கல்லில் முட்டி நிற்கிறது.

ஸேக்கைத் திருத்த ஒரு மாலைப்பொழுது போதும். தண்ணீர்ப் பை உட்பட, ஓட்டும்போது உடலில் இருக்கும் எல்லாவற்றையும் அணிந்துகொள்ளுங்கள். அரிசோனா வெயிலுக்கு மூன்று லிட்டர் தண்ணீர் சுமப்பவருக்கு அதுவே மூன்று கிலோ. ஷாக்கின் நெம்புகோலைத் திறந்த நிலையில் வைத்து, ஷாக் பம்பால் காற்றை ஏற்றுங்கள். ஏற்றியதும் பம்பைக் கழற்றி, சைக்கிளைப் பத்து முறை மெதுவாக அமுக்கி விடுங்கள். ஷாக்கின் உள்ளே தண்டைத் தள்ளுவதற்கு ஓர் அறையும் அதற்கு எதிராக இழுப்பதற்கு ஓர் அறையும் இருக்கின்றன. இரண்டும் சமப்பட்ட பிறகுதான் நீங்கள் காணும் எண் உண்மையானது. பிறகு சுவரில் ஒரு கையை ஊன்றி, பெடல்களின்மேல் எழுந்து நின்று, இறக்கத்தில் நிற்கும் அதே வளைவோடு இரண்டு முறை குதித்து அடங்கி நில்லுங்கள். ரப்பர் வளையத்தை, தண்டு உள்ளே நுழையும் வாயிலுள்ள முத்திரையை (சீல்) ஒட்டித் தள்ளிவிட்டு, அமுக்காமல் மெல்ல இறங்கி, அடிக்கோலால் அளவெடுங்கள். ஃபோர்க்கிலும் இதே முறைதான், 150 மி.மீ.யில் 27 முதல் 30 மி.மீ. வரை, அதாவது 18 முதல் 20 சதவீதம், வந்தால் நிறுத்திவிடலாம்.

இங்கே பலரை ஏமாற்றும் ஒரு சிறு விஷயம் உண்டு. பம்பைக் கழற்றும்போது ‘புஸ்’ என்று கேட்பது பெரும்பாலும் பம்பின் குழாயில் நின்ற காற்று, ஷாக்கிலிருந்து போவதன்று. மறுபடி மாட்டும்போது ஷாக்கின் காற்று அந்தக் காலிக் குழாயை நிரப்புவதால் முள் சற்றுக் குறைவாகக் காட்டும். காற்று கசிந்துவிட்டது என்று நினைத்து ஒவ்வொரு முறையும் கூட்டிக்கொண்டே போனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இப்போது டயர். கல்லின் விளிம்பு முதலில் சந்திப்பது டயரைத்தான். ஃபோர்க்கின் முத்திரைகளும், புஷ் எனப்படும் உராய்வு வளையங்களும் கொடுக்கும் பிடிப்பை மீறி அது அசையத் தொடங்குவதற்கு முன்பே, முட்டை அளவுள்ள கல்லை டயர் தன்னளவில் விழுங்கியிருக்க வேண்டும். 78 கிலோ எடைக்கு 2.4 அங்குல டியூப்லெஸ் டயரில் 30 பி.எஸ்.ஐ. என்பது, அந்த முதல் வரிசைக் காவலரைக் கட்டிப்போட்டுவிட்டு இரண்டாம் வரிசையைக் குறை சொல்வது போன்றது. முன்னால் 23, பின்னால் 26 என்று தொடங்குங்கள். பிறகு ஒவ்வொரு பி.எஸ்.ஐ.யாகக் குறைத்து, ரிம்மில் கல் இடிக்கும் ‘டங்’ என்ற ஓசை கேட்டதும் ஒன்றரை அல்லது இரண்டு கூட்டி நிறுத்துங்கள். 24 பி.எஸ்.ஐ.யில் ஒரு பி.எஸ்.ஐ. என்பது நான்கு சதவீதத்துக்கு மேல். தரைப் பம்பின் பெரிய முள் இந்த எல்லையில் நம்பத் தகுந்ததன்று என்பதால், குறைந்த அழுத்தத்துக்கான எண்முறை அழுத்தமானி ஒன்றைத் தனியே வாங்கிக்கொள்ளுங்கள். நான் சைக்கிளுக்குச் செய்த செலவுகளில் வருந்தாத ஒன்று அது.

சவுத் மவுண்டன் 16,000 ஏக்கருக்கு மேல் பரந்த நகராட்சிப் பூங்கா. அங்குள்ள கல், நைஸ் எனப்படும் உருமாறிய பாறையும் கிரானைட் இனப் பாறையும் உடைந்த கல். ஆற்றுக் கல்லைப் போல உருண்டதன்று, விளிம்பு கூரானது. அந்த விளிம்பு டயரின் பக்கச் சுவரைக் கிழிக்கும். எனவே முன்னால் நடுத்தரச் சுவருள்ள டயரும், பின்னால் இரட்டைப் படலச் சுவருள்ள கனத்த டயரும் போடுவது என் பரிந்துரை. மேக்சிஸ் டயரில் எக்சோ பிளஸ், டபுள் டவுன் என்று பக்கவாட்டில் அச்சிட்டிருப்பது இந்த வேறுபாட்டைத்தான். இரண்டு சக்கரத்திலும் கனத்ததைப் போடுபவர்கள் ஏற்றத்தில் அதற்குரிய விலையைக் கொடுக்கிறார்கள்.

மூன்றாவதாக, அந்த ஆமை. அமுங்கிய ஃபோர்க் எவ்வளவு விரைவாக மீண்டெழ வேண்டும் என்பதை அந்தச் சிவப்புத் திருகு தீர்மானிக்கிறது. அதை ரீபவுண்ட் என்பார்கள். ஆமைப் பக்கம் கடைசி வரை திருப்பினால், முதல் கல்லில் அமுங்கிய ஃபோர்க் முழுதாக எழுவதற்குள் இரண்டாவது கல் வந்துவிடுகிறது. அதிலிருந்து எழுவதற்குள் மூன்றாவது. நான்காவது, ஐந்தாவது கல்லில் ஃபோர்க் பாதிக்கு மேல் தாழ்ந்தே கிடக்கும். அங்கே அது ஃபோர்க் அன்று, வெறும் இரும்புக் கழி. உங்கள் கை மரத்துப்போவதற்கு டயர் பாதிக் காரணம் என்றால் மறுபாதி இதுவாகத்தான் இருக்க வேண்டும். முழுதாக மூடிய நிலையிலிருந்து, ஆமைக்கு எதிர்த்திசையிலுள்ள முயல் படத்தின் பக்கமாகக் கிளிக் எண்ணிக்கொண்டு திறந்து, மொத்தக் கிளிக்குகளில் நடுவில் நிறுத்தி ஓட்டிப் பாருங்கள்.

எந்தப் பக்கம் தவறியிருக்கிறது என்பதை உடலே சொல்லும். முதல் கல் இதமாகவும் தொடர்ந்து வருபவை வரவரக் கடினமாகவும் தோன்றினால் ரீபவுண்ட் மெதுவாக இருக்கிறது. ஒவ்வொரு கல்லும் ஹேண்டில்பாரைக் கையில் எறிந்தால், அல்லது பின்பக்கம் இருக்கையால் உதைத்தால், அது வேகமாக இருக்கிறது. ஷாக்கில் காற்று கூடினால் அது மீண்டெழும் விசையும் கூடும் என்பதால், ஸேக்கைத் திருத்திய பிறகே இந்தத் திருகுக்கு வர வேண்டும். முன்பே செய்தால் இருமுறை செய்ய நேரும்.

அமுங்கும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கம்ப்ரெஷன் திருகுகளை இப்போதைக்கு முழுதும் திறந்தே வையுங்கள். அவற்றில் எழுதியுள்ள குறைந்த வேகம், அதிக வேகம் என்பவை சைக்கிளின் வேகம் அல்ல, ஷாக்கின் தண்டு நகரும் வேகம். உயரமான படிக்கல்லில் இறங்கும்போது முன்பக்கம் அளவுக்கு மீறிக் குனிந்தால் மட்டும் குறைவேகத் திருகில் ஒன்றிரண்டு கிளிக் கூட்டுங்கள். ஸேக் சரியாக இருந்தும் ஷாக் அடிக்கடி அடிமட்டம் தொட்டால், காற்றைக் கூட்டாமல், காற்றறைக்குள் ஒரு பிளாஸ்டிக் அடைப்பைச் சேர்க்க வேண்டும். அது தொடக்கத்தை இளக்கமாகவே விட்டு இறுதியை மட்டும் இறுக்கும். பயணத்தின் மிகப்பெரிய குதிப்பில் ஒரு தடவை அடிமட்டம் தொடுவது குறையன்று. 140 மி.மீ.க்கு விலை கொடுத்தவர் 140-ஐயும் பயன்படுத்தத்தான் வேண்டும்.

பிரேக் நெம்புகோலையும் பாருங்கள். அது செங்குத்தாகத் தரையை நோக்கி இருந்தால், இறக்கத்தில் பின்னால் சாயும்போது மணிக்கட்டு மடங்கி, எடை முழுவதும் உள்ளங்கையில் இறங்கும். முழங்கையிலிருந்து விரல் வரை ஒரே கோடாக வருமாறு சற்று மேலே திருப்பி, ஒரு விரலே எட்டும்படி உள்ளே நகர்த்துங்கள்.

இவை அனைத்தையும் ஒரே நாளில் மாற்றிவிடாதீர்கள். பல ஆண்டுகளுக்கு முன் நான் ரீபவுண்டையும் டயர் அழுத்தத்தையும் ஒரே காலையில் மாற்றிவிட்டு, எது நன்மை செய்தது, எது கெடுத்தது என்று தெரியாமல் மூன்று வார இறுதிகளை இழந்தேன். முந்நூறு மீட்டர் நீளமுள்ள ஒரே கல் இறக்கத்தைத் தேர்ந்துகொண்டு, ஒரு மாற்றத்துக்கு இரண்டு முறை ஓட்டி, எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். நேஷனல் டிரெயிலில் ‘வாட்டர்ஃபால்’ என்று அழைக்கப்படும் கற்சரிவைச் சோதனைக் களமாக வைத்துக்கொள்ள வேண்டாம். அங்கே உங்கள் கவனம் உயிர் பிழைப்பதில் இருக்கும், ரீபவுண்டில் இராது.

கேள்வி: என் எடை 52 கிலோ. ராமநகரம் பக்கத்துக் கிரானைட் குன்றுகளில் ஓட்டுகிறேன். பின் ஷாக்கின் ஸ்ட்ரோக் 45 மி.மீ.; ஸேக் 13 மி.மீ. வைத்திருக்கிறேன். ஆனால் எவ்வளவு ஓட்டினாலும் வளையம் 34 மி.மீ. தாண்டியதில்லை. சைக்கிள் எனக்கு ஏற்றதில்லையா?
— வாசகி, பெங்களூரு

பதில்: சைக்கிள் ஏற்றதுதான், அது வேறொருவரை நினைத்து உருவாக்கப்பட்டிருக்கிறது, அவ்வளவே. உங்கள் ஸேக் 29 சதவீதம், அதில் பிழையில்லை. கம்பெனிகள் ஷாக்கின் உள்ளே இருக்கும் எண்ணெய் வழிகளையும் தகடுகளையும் உங்களைவிடக் கனமான ஓட்டுநரை மனத்தில் வைத்து அமைக்கின்றன. மெலிந்த உடலினருக்கு அந்த எண்ணெய்த் தடை கூடுதலாகவே இருக்கும். எனவே கம்ப்ரெஷன் திருகுகள் முழுதும் திறந்திருக்க வேண்டும். ரீபவுண்டும் நண்பர்களுடையதைவிட நாலைந்து கிளிக் முயல் பக்கமாக இருக்க வேண்டும். உங்கள் ஷாக்கில் காற்று குறைவு; குறைந்த காற்று மெதுவாகவே எழும்; அதை மேலும் தடுத்துவைக்கத் தேவையில்லை.

அடுத்து, காற்றறைக்குள் பிளாஸ்டிக் அடைப்புகள் இருக்கின்றனவா என்று கடையில் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். இருந்தால் ஒன்றை எடுத்துவிட்டால், ஸேக் ஏறக்குறைய மாறாமலே, கடைசிப் பத்து மில்லிமீட்டர் உங்களுக்குக் கிடைக்கக்கூடும். நீங்களே திறப்பதானால், காற்றை முற்றிலும் வெளியேற்றிய பிறகே மூடியில் சாவியை வைக்க வேண்டும். அழுத்தம் உள்ளே இருக்கும்போது திறந்தால் மூடி குண்டுபோல் பாயும். இதற்கும் மசியாவிட்டால், ஷாக் சர்வீஸ் செய்யும் நிபுணரிடம் உட்தகடுகளை உங்கள் எடைக்கு மாற்றித் தரச் சொல்லலாம்.

டயரில் கனத்த சுவர் வேண்டாம். மற்றவர்களுக்குக் காவலாக இருக்கும் அந்தச் சுவர் உங்களுக்கு வெறும் விறைப்பு. முன்னால் 19, பின்னால் 21 பி.எஸ்.ஐ. உங்களுக்குத் தாராளமாகத் தாங்கும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். ராமநகரத்தின் பாறை, வழவழப்பான பெரும் முதுகுகளாகக் கிடப்பது. அதில் பிடிமானம்தான் சோதனை, பெரிய அடி அபூர்வம். குதிக்காத ஒருவருக்கு 45-இல் 38 வரை வந்தாலே நான் திருப்தியடைவேன்.

கேள்வி: கோயம்புத்தூரில் காற்றை அளந்து வைத்துவிட்டு, காரில் ஏற்றி உதகைக்குக் கொண்டுபோகிறேன். அங்கே டயர் கடினமாகவும் ஷாக் இளகியும் இருப்பதுபோல் தோன்றுகிறது. இது மனப்பிரமையா?
— வாசகர், கோயம்புத்தூர்

பதில்: பிரமையில்லை, உங்கள் கை நல்ல அழுத்தமானி. கோவை கடல் மட்டத்திலிருந்து சுமார் 410 மீட்டர், உதகை சுமார் 2,240 மீட்டர். வெளிக்காற்றின் அழுத்தம் கோவையில் ஏறத்தாழ 14 பி.எஸ்.ஐ. என்றால் உதகையில் 11.2 தான். அழுத்தமானி காட்டுவது உள்ளழுத்தத்துக்கும் வெளியழுத்தத்துக்கும் உள்ள வேறுபாட்டை. வெளியே குறைந்தால், காற்று ஏற்றாமலே எண் 2.8 கூடும். அதே சமயம் குளிர், உள்ளே இருக்கும் காற்றைச் சுருக்குகிறது. கீழே 30 டிகிரி, மேலே 15 டிகிரி என்று கொண்டால், உள்ளிருக்கும் முழு அழுத்தம் சுமார் 5 சதவீதம் குறையும்.

இந்த இரண்டும் எதிர்த்திசையில் இழுப்பதுதான் சுவையான இடம். டயரில் நீங்கள் வைத்த 24, உதகையில் ஏறக்குறைய 25 ஆகிறது, ஏனெனில் உயரத்தின் விளைவு முந்திக்கொள்கிறது. ஷாக்கில் வைத்த 180-க்கோ, 5 சதவீதம் என்பது பத்துக்கு அருகில் வருவதால், குளிரின் விளைவு முந்தி, 173-இல் வந்து நிற்கிறது. 80 வைத்த ஃபோர்க் 78 ஆகிறது. ஆகவே டயர் கடினம், ஷாக் இளகல் என்ற உங்கள் உணர்வு கணக்கோடு ஒத்துப்போகிறது. மேலே சென்று, சைக்கிளை அரைமணி நேரம் நிழலில் நிறுத்தி, அங்கேயே அளந்து வையுங்கள். திரும்பி வந்ததும் டயரைச் சரிபார்க்க மறக்காதீர்கள்; ஷாக்கில் உதகையில் ஏற்றியிருந்தால் அதையும் அளந்து குறைக்க வேண்டும்.

முதல் கேள்வி கேட்ட அரிசோனா வாசகருக்கும் இது பொருந்தும்: 5 டிகிரி குளிர்காலக் காலையில் டயரில் வைத்த 24 பி.எஸ்.ஐ., 40 டிகிரி வெயிலில் 29-ஐத் தொட்டுவிடும்.

நீலகிரியில் தடம் தேடுபவர்களுக்கு ஒரு வார்த்தை. காப்புக்காட்டுக்குள் வனத்துறையின் அனுமதியின்றி நுழைவது குற்றம். செயலியில் கோடு தெரிகிறது என்பது அனுமதி ஆகாது.

கேள்வி: கல் நிறைந்த ஏற்றத்தில் ஷாக்கைப் பூட்டிவிட்டு மிதிப்பது நல்லதா?
— வாசகர், மதுரை

பதில்: தார்ச் சாலையில் பூட்டுங்கள், கல்லில் வேண்டாம். பூட்டினால் பின்சக்கரம் கல்லின்மேல் துள்ளிப் பிடிமானத்தை இழக்கும், நீங்களும் மிதிப்பதை நிறுத்த வேண்டி வரும். நெம்புகோலில் நடுநிலை இருந்தால் அதில் வையுங்கள். இல்லையென்றால் திறந்தே விடுங்கள்.

கேள்வி: கல் தடங்களில் ஓராண்டு ஓட்டிய பிறகு, எழுந்து நின்று மிதிக்கும்போதெல்லாம் சட்டகத்திலிருந்து ‘டக், டக்’ என்று ஓசை வருகிறது. கிராங்க் பேரிங்கை மாற்றியும் போகவில்லை.
— வாசகர், சென்னை

பதில்: ஓசை கேட்கும் இடம் வேறு, பிறக்கும் இடம் வேறு, உள்ளீடற்ற குழாய்கள் அதைச் சட்டகம் முழுவதும் கடத்திவிடும். விலையுயர்ந்த பாகத்தை மாற்றுவதற்கு முன் இதைச் செய்யுங்கள். சைக்கிளை நிறுத்தி, ஒரு கையால் இருக்கையைப் பற்றிப் பின்சக்கரம் தரையைவிட்டு எழுவதற்குச் சற்று முன்வரை மெதுவாகத் தூக்கியும் இறக்கியும் பாருங்கள். மறுகையின் சுட்டுவிரலை, ஷாக் சட்டகத்தோடு சேரும் போல்ட்டின் விளிம்பில், இரண்டு பாகங்களையும் ஒருங்கே தொடுமாறு வையுங்கள். அங்கே மயிரிழை ஆட்டம் இருந்தாலும் விரல்நுனி அதை உணரும்; கண்ணுக்குத் தெரியாது. ஆட்டம் இருந்தால் ஷாக்கின் முனையிலுள்ள புஷ் தேய்ந்திருக்கிறது. அது சிறிய, எளிதில் மாற்றக்கூடிய பாகம்.

அங்கே இல்லையென்றால் பின்சட்டகத்தின் மூட்டுப் போல்ட்டுகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பாருங்கள். கல் தடத்தின் அதிர்வில் அவை தளர்வது வழக்கம். கைக்கு வந்த வலுவில் முறுக்காமல், ஒவ்வொரு போல்ட்டுக்கும் உற்பத்தியாளர் குறித்திருக்கும் நியூட்டன் மீட்டர் அளவை டார்க் ரெஞ்சில் வைத்தே முறுக்க வேண்டும். அலுமினியத்தில் மரை போனால் பிறகு சட்டகத்துக்கே கேடு. கடற்கரைக் காற்றில் நிற்கும் சைக்கிள் என்பதால், இந்தப் போல்ட்டுகளைக் கழற்றித் துடைத்து, கிரீஸ் பூசி மாட்டுங்கள். மரையில் தளராமலிருக்கப் பசை இடச் சொல்லியிருந்தால் அங்கே கிரீஸ் கூடாது.

ஃபோர்க்கின் கீழ்க்கால்களையும் கவனித்துக்கொள்ளுங்கள். ராக்ஷாக்ஸ் போன்ற ஃபோர்க் நிறுவனங்கள் 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை கீழ்க்காலைக் கழற்றிச் சுத்தம் செய்து எண்ணெய் மாற்றச் சொல்கின்றன. வாரம் மூன்று மணி நேரம் ஓட்டுபவருக்கு அது நான்கு மாதங்களுக்குள் வந்துவிடும். நீங்கள் ஓராண்டு ஓட்டியிருக்கிறீர்கள். ஓசைக்குக் காரணம் அதுவாக இல்லாமல் போகலாம், ஆனால் கழற்றும்போது வெளிவரும் எண்ணெயின் நிறத்தைப் பார்த்தால் ஏன் சொன்னேன் என்பது புரியும்.